பந்துக்கு ஒரு தேர்தல்

என் மகள் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தோசை கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் எதற்கும் நின்றதில்லை, ரேஷன் கடை வரிசையில் நின்றதோடு சரி. இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி, தலையை இன்னும் பின்னிக்கொள்ளாமல், வாயில் பற்பசை நுரையோடு வந்து ஸ்கூல் லீடராகப் போகிறேன் என்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அந்த எல்.பி. பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்புகள். ஸ்கூல் லீடரை டீச்சர் கைகாட்டி நியமிப்பதெல்லாம் இங்கே கிடையாது. பிள்ளைகளே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வேட்புமனு உண்டு, சின்னம் உண்டு, பிரச்சாரம் உண்டு, விரலில் மை உண்டு. ஒன்றாம் வகுப்பு வாண்டுகளுக்கும் வோட்டு உண்டு. பெரியவர்கள் நடத்துகிற தேர்தலில் இருக்கிற எல்லாம் இருக்கும், மதுக்கடையை மூடுவது ஒன்றுதான் பாக்கி.

அவள் நின்றது பதவி ஆசையில் இல்லை. பந்துக்காக நின்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கால்பந்துதான். இடைவேளை மணி அடித்ததும் நான்காம் வகுப்புப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் வராந்தாவில் நின்று பார்க்கலாம். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக அது நடந்துவந்தது. என் மகளோ, நடக்கப் பழகியதிலிருந்து எங்கள் சந்தில் அவள் அப்பாவோடு பந்து உதைத்துக்கொண்டிருப்பவள். பக்கத்து வீட்டுப் பூச்சட்டிகளைக் கேட்டால் தெரியும். பையன்களிடம் பந்து கேட்டால், பெண்பிள்ளைகளுக்குத்தான் ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறதே என்றார்கள். டீச்சரிடம் சொன்னால், எல்லாரும் சேர்ந்து விளையாடுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். அவர் முதுகு மறைகிறவரை சேர்ந்து விளையாடினார்கள். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் முடிந்தால் வேறு பள்ளிக்கூடம். இடைவேளையில் பந்து யாருக்கு என்று சொல்லும் அதிகாரம் லீடருக்கு உண்டு. ஆகவே அவளுடைய வாக்குறுதி ஒன்றே ஒன்று: வாரத்தில் இரண்டு நாள் பெண்பிள்ளைகளுக்குப் பந்து.

எதிர்த்து நின்றவன் அடுத்த தெருப் பையன். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன். பள்ளிக்கூடத்திலேயே நல்ல ஆட்டக்காரன், அதோடு இனிக்க இனிக்கப் பேசுவான். என்னை எங்கே பார்த்தாலும் நின்று சுகம் விசாரித்துவிட்டுத்தான் போவான். அந்த வயதில் அவ்வளவு நல்ல பழக்கம் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அவனுடைய சின்னம் பந்து. என் மகளுக்குக் குடை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர் பிராட்வேயில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் பில் போடுகிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். கடையில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. என் கணவர் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அவருக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே படவேண்டியிருக்கிறது. தேர்தல் என்றதும் நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டேன். கடையிலிருந்து கிழிந்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தோப்பும்படி வழியாக வந்தேன். என் கணவர் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "எலெக்ஷன்ல நிக்கறது அவளா, நீயா?" என்று கேட்டார். நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அட்டைகளில் என்ன எழுதுவது என்பதில் பெரிய சர்ச்சை வரவில்லை, எந்த எழுத்தில் எழுதுவது என்பதில்தான் வந்தது. மட்டாஞ்சேரியில் நாலு வீடு தாண்டினால் நாலு பாஷை கேட்கும். என் மகள் மலையாளத்தில் கடகடவென்று எழுதுவாள், தமிழ் எழுதச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தையும் படம் வரைவது மாதிரி வரைவாள். மலையாள அட்டையை அவள் எழுதினாள், தமிழ் அட்டையை நான் எழுதினேன். அவள் தோழிகளில் ஒருத்தி குஜராத்தியில் எழுதிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி கொங்கணி. உருது அட்டை ஒன்று தலைகீழாக ஒட்டப்பட்டு, பிறகு யாரோ வந்து நேராக்கினார்கள். பீகாரிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்கிற ஒருவர், தன் ஒன்றாம் வகுப்பு மகள் கேட்டாள் என்று இந்தியில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடச் சுவரில் அத்தனை எழுத்திலும் குடைக்கு வோட்டு என்று இருந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தலைமை ஆசிரியை நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவ்வளவு செல்லோ டேப் ஒட்டினால் சுவரில் பெயின்ட் உரியும் என்றார்.

என் மூளையும் வேலை செய்தது. மழைக்காலம். குடை இல்லாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரும்போது அது என் மகளுக்குப் பிரச்சாரம்தானே? அவனிடம் இருப்பது ஒரே ஒரு பந்து. எங்களுக்கோ தெரு நிறையக் குடை. இதை நான் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். வாடிக்கையாளர்களிடம்கூடச் சொன்னேன்.

பையன் சும்மா இருப்பானா? வோட்டெடுப்புக்கு முந்தின நாள் தலைமை ஆசிரியையிடம் புகார் கொடுத்துவிட்டான். வோட்டுச் சாவடிக்குள் சின்னத்தைக் கொண்டுவரக் கூடாது, அதுதான் அசல் தேர்தல் சட்டம் என்று. தலைமை ஆசிரியை சட்டம் என்றால் உயிரை விடுகிறவர். குடைகளையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட உத்தரவு போட்டார். மறுநாள் விடிந்ததிலிருந்து கொட்டித் தீர்த்தது மழை. கேட்டில் குடையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வராந்தாவரை நனைந்துகொண்டே ஓடினார்கள். அழுதார்களா என்றால் இல்லை. திரும்பி வந்து இரண்டாம் முறை ஓடியவர்களும் உண்டு. நான் அவனைத் திட்டிக்கொண்டே என் புடவைத் தலைப்பால் வருகிறவர்களின் தலையைத் துவட்டினேன். அதே சட்டத்தால் பந்தும் ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டப்பட்டது என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

அன்று கடைக்கு லீவு. அம்மாக்கள் சிலர் வரிசையை ஒழுங்குபடுத்தப் போயிருந்தோம். வோட்டு இயந்திரம் என்பது டீச்சரின் மொபைல் போன். அதில் பந்தும் குடையும் படமாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் பீப் என்று நீளமாக ஒரு சத்தம். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தச் சத்தத்தில் மயங்கி, இன்னொரு தரம் அமுக்குவேன் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். ஒரு பையன், குடையும் வேண்டும் பந்தும் வேண்டும் என்று அழுதுகொண்டே வெளியே வந்தான். தலைமை ஆசிரியை ஒவ்வொரு வகுப்பிடமும் சொன்னார்: யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது, டீச்சருக்கேகூடத் தெரியாது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு மை வைத்த விரலை உயர்த்தியபடி வகுப்புக்குத் திரும்பினார்கள். என் மகளும் வோட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் ஒரு வகுப்பறையில் அடைத்து, திரையில் முடிவைக் காட்டினார்கள். ஒவ்வொரு வோட்டாக ஏறியது. குடை முந்தும், பந்து பிடிக்கும், பந்து முந்தும், குடை பிடிக்கும். பிள்ளைகள் கத்திய கத்தலில் பஜார் சாலை மசாலாக் கடைக்காரர்கள் எழுந்து நின்றிருப்பார்கள். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. கடைசி வோட்டும் ஏறியபோது இரண்டும் சமம்.

பிறகு தலைமை ஆசிரியை, இனி நறுக்கெடுப்பு என்று அறிவித்தார். இங்கே பஞ்சாயத்துத் தேர்தலிலும் அப்படித்தான். வோட்டு சமமானால் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எடுத்த சீட்டில் உள்ளவர் மெம்பர். அதையெல்லாம் பேப்பரில் படித்துச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. சத்துணவு சமைக்கிற சேச்சி ஒரு சின்னப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். இரண்டு சீட்டு. இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்கள். அது கையை விட்டுத் துழாவோ துழாவென்று துழாவியது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், பழயன்னூர் பகவதியிலிருந்து பழனி முருகன்வரை ஒருவரையும் விடவில்லை.

பந்து வந்தது.

பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். என் மகள் கூட்டத்தில் புகுந்து போய், எட்டி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள். குடைக்காகத் தொண்டை கட்டக் கத்திய அவள் தோழிகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேற்றவாவது ஒரு வேலை இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது மழை விட்டிருந்தது. ஒரே ஒரு வோட்டு, ஒன்றே ஒன்று நம் பக்கம் வந்திருந்தால் இந்தச் சீட்டுக் குலுக்கலே வந்திருக்காது என்று நான் புலம்பிக்கொண்டே வந்தேன். அவள் சட்டென்று நின்றாள்.

"அம்மா, ஒண்ணு பறஞ்சா சண்டை பிடிக்க மாட்டியே?"

"பறை, சொல்லு."

"நான் அவனுக்காக்கும் வோட்டு செஞ்சேன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தார். அவரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

"எதுக்குடீ?"

"அவன் வந்து கேட்டான். எனிக்கொரு வோட்டு தரணேன்னு. சரின்னு சொல்லிட்டேன். சரின்னு சொல்லிட்டு எப்படி அம்மா குடுக்காம இருக்கறது?"

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இந்த ஊரில் வேட்பாளர் எதிராளியின் வீட்டுப் படியும் ஏறி வோட்டுக் கேட்பார். அது மரியாதை. அந்த வீட்டுக்காரர்களும் உட்காரவைத்துச் சாயா கொடுத்து, கண்டிப்பாகத் தருகிறோம் என்று சிரித்த முகமாக அனுப்பிவைப்பார்கள். அதுவும் மரியாதை. அங்கே சொன்னதை யாரும் சாவடிக்குள் கொண்டுபோவதில்லை. இது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். பெரியவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் அப்படியே செய்த இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, எங்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. இருக்கிற ஒரே தேங்காயைக்கூடப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, துவையல் இல்லாமல் தோசை தின்கிறவர்கள் நாங்கள். அவளிடம் ஒரு வோட்டு இருந்தது. ஒருவன் கேட்டான், கொடுத்துவிட்டாள்.

"நீ அவன்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். அவனும் தரேன்னுதான் சொன்னான்."

தந்தானா இல்லையா என்பது எனக்கு அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது. என் கணவரிடம் சொன்னபோது அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். அவருக்கு என்ன, அவர் அட்டை சுமக்கவில்லை. அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, இனி அந்தப் பந்தைத் தன்னால் தொடவே முடியாதே என்று மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் அழுதாள். எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

மறுநாள் காலை பள்ளிக்கூடச் சமையலறையில் உதவப்போவது என் முறை. கடைக்குப் பாதி நாள் கழித்து வருவேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டிலேயே அவன் நின்றிருந்தான், புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு வோட்டுத் தருவதாகச் சொன்னாயே, தந்தாயா என்று நேராகக் கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"அது பறயான் பாடில்ல, ஆன்ட்டி. டீச்சர் பறஞ்ஞிட்டுண்டு." சொல்லக் கூடாதாம், டீச்சர் சொல்லியிருக்கிறாராம்.

அசெம்பிளியில் பதவிப் பிரமாணம் எடுத்தான். கணீரென்று படித்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் சமையல் கொட்டகைக்குப் போய் முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தேன். அங்கிருந்து மைதானம் முழுக்கத் தெரியும்.

இடைவேளை மணி அடித்தது. புது லீடர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான், பின்னால் அவன் படை. பெண்பிள்ளைகள் வழக்கம்போல வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். என் மகள் அந்த வரிசையில் இல்லை. எங்கே என்று பார்ப்பதற்குள் அவள் படியிறங்கி மைதானத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். நேரே போய் அவன் முன்னால் நின்றாள். என் கை நின்றுவிட்டது.

"ஞான் நினக்காணு வோட்டு செய்தது," என்றாள். "பந்து தா."

அவன் அவளைப் பார்த்தான். கெஞ்சுகிற குரலில் அவள் கேட்டிருந்தால் அவனுக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும். இப்படி ஒருத்தி வந்து கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கடன் கொடுத்தவள் மாதிரி நின்றாள். அவன் இடது கைக்கும் வலது கைக்கும் பந்தை மாற்றினான்.

அதற்குள் வராந்தாவிலிருந்து இன்னொருத்தி இறங்கிவிட்டாள். நானும் உனக்குத்தான் போட்டேன் என்றாள். குடைக்காகக் கத்திக் கத்தி இன்னும் தொண்டை திறக்காதவள் அவள், காற்றாகத்தான் பேச்சு வந்தது. அடுத்து குஜராத்திக்காரி. அடுத்து கொங்கணி எழுதியவள். மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பாவாடைகள் படியிறங்கிக்கொண்டே இருந்தன. எல்லாரும் அவனுக்குத்தான் போட்டார்களாம். இந்தி அட்டைக்காரரின் மகள், தான் இரண்டு தரம் போட்டதாகவே சொன்னாள்.

பையன்களில் ஒருவன் பொய், எல்லாம் பொய் என்று கத்தினான். லீடர் திரும்பி வராந்தாவில் நின்ற தலைமை ஆசிரியையைப் பார்த்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது, நேற்றே சொன்னேனே என்றார். அவர் உதட்டில் சிரிப்பு துடித்ததை நான் பார்த்தேன். சட்டத்துக்காக உயிரை விடுகிறவரை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது.

அவன் தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். அப்படியானால் எனக்குக் கிடைத்த வோட்டெல்லாம் பெண்பிள்ளைகளுடையதா என்று தன் படையிடம் கேட்டான். அவர்கள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். பிறகு, நல்ல பிள்ளை, அவன் பந்தைக் கீழே வைத்தான். தூக்கி எறியவில்லை, குனிந்து அவள் காலுக்கு முன்னால் வைத்தான்.

மைதானத்தில் அப்புறம் நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. பாவாடையைச் சொருகிக்கொண்டு அத்தனை பேரும் ஒரே பந்தின் பின்னால் ஓடினார்கள். கோல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. சேறு, கூச்சல். என் மகள் ஒருமுறை உதைத்தது வேலிவரை போனது. நான் கொட்டகைக்கு வெளியே வந்து குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சேச்சி ஓடிவந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார்.

மதியம் கடைக்குப் போனேன். ஆனால் பில்லில் மனது ஓடவில்லை. பதினெட்டு வயதிலிருந்து வோட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கைகூப்பிக்கொண்டு வருகிறார்கள், சாயா கொடுக்கிறேன், விரலில் மை வைத்துக்கொண்டு வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறேன். மறுநாள் போய், போட்டேனே, தா என்று ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. நீட்டலாம் என்று தோன்றியதுகூட இல்லை. என் சந்தில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு நாங்களே தாண்டிக்கொள்கிறோம்.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் சாயாக் கோப்பையோடு வந்து, என்ன விஷயம் என்றார்.

"ஞான் நிங்ஙள்க்கு வோட்டு செய்த ஆளாணு," என்று ஆரம்பித்தேன்.

அவருக்குத்தான் போட்டேனா என்று நீங்கள் கேட்கக் கூடாது.